இரண்டாம் மாதத்துப் புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, உன் கையெழுத்துள்ள அந்த மஞ்சள் அட்டை மறுபடியும் என் மேசைக்கு வந்தது. பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. கொண்டுவந்தவள் பெட்டியில் நல்ல புடவைகளுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். குழந்தையின் எடையை மாதாமாதம் புள்ளி வைத்துக் குறிக்கிற அட்டை. பிறந்த அன்று ஒரு புள்ளி, முதல் மாதம் ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று. கடைசிப் புள்ளியின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. “அஞ்சலைங்க. காலனி. எம் பொண்ணு செத்தத நீங்கதான் எழுதினீங்க. அந்தப் பதிவு இன்னிக்கே வேணும்ங்க” என்றாள்.

“எதுக்கு?” என்றேன். என் குரல் வழக்கம்போல் தேவைக்கு ஒரு படி மேலேதான் வந்தது.

“மொதல்ல தேடுங்க. தேடிக்கினே கேளுங்க, சொல்றேன்.”

என்னிடம் இப்படிப் பேசுகிறவர்கள் இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் குறைவு. அது உனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். மகனுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது. குடும்பத்தில் கைக்குழந்தை ஏதாவது இறந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தங்கை ஒருத்தி இருந்தாள், அம்மா தூக்கத்தில் புரண்டு படுத்ததில் விபத்தாகச் செத்துப்போனாள் என்று மகன் சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவின் சித்தப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி அவன் மனதில் ஏறியது அதுதான். அஞ்சலை இல்லவே இல்லை என்று கத்தியிருக்கிறாள். ஆளுக்கொன்று சொன்னால் எப்படி, எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். விபத்து என்றால் இங்கேயே இரண்டு நாள் வைத்துச் சளிக் காய்ச்சலுக்குப் பார்ப்பார். நோய் என்றால் இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இரண்டு மணிக்கு அவர் டூட்டி முடிந்து கிளம்பிவிடுவார்.

அந்தப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் என்ன எழுத இருந்தேன் என்பதும் தெரியும். இரண்டாவதை நினைத்துக்கொண்டேதான் ரிக்கார்டு ரூம் சாவியை எடுத்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அறை நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று ஆறு மாதமாக ஸ்கேன் ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்கள் ஏற்றினார்களோ இல்லையோ, நான் வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்ததைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டிய வருஷத்துக் கட்டு அதன் இடத்தில் இல்லை. மணி பதினொன்றேகால்.

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஆனால் நீ இந்த அறைக்குத்தான் வருவாய். உன் எல்லையில் பிறந்தது, இறந்தது எல்லாம் என் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிற நாள். நீ கிராமச் சுகாதார செவிலியர், நான் பிறப்பு இறப்புப் பிரிவு கிளார்க். நிலம் சுரங்கத்துக்குப் போனவர்களைக் குடியமர்த்திய காலனி உன் எல்லையிலும் வரும், என் பதிவு எல்லையிலும் வரும். உன்னைவிட எனக்கு இரண்டு வயதுதான் மூப்பு. அதற்காக நீ என்னை அக்கா என்றாய். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், நீ குள்ளஞ்சாவடிப் பக்கம் களை பறித்துக்கொண்டே பத்தாவது முடித்தவள். சீசன் நாளில் பையில் முந்திரிப்பழம் கொண்டு வருவாய். சாறு ஒழுகி என் பதிவேட்டில் ஒரு முறை கறை பட்டது. நான் கத்திய கத்தலில் வராண்டாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ மட்டும் சிரித்தாய். “அக்கா, செத்தவங்க யாரும் வந்து கேக்கமாட்டாங்க, வுடு” என்றாய்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அஞ்சலையின் பெண் செத்ததை எழுத வந்த அன்றைக்கும் ஐந்தாம் தேதிதான். கவுன்ட்டரில் அஞ்சலை வீட்டுக்காரனின் சித்தப்பா நின்றிருந்தார். மனு எழுதிப் பழகிய மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. பக்கத்தில் வீட்டுக்காரன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முடித்து நேரே வந்தவன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தான். அஞ்சலை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் புதைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் ஜாக்கெட்டில் பால் ஊறி, முந்தானை வரைக்கும் நனைந்திருந்தது.

சித்தப்பா இந்த மஞ்சள் அட்டையைத்தான் என் முன்னால் வைத்தார். “நல்லா இருந்த புள்ளைங்க. நாங்க சொல்லல, நர்சம்மா எழுதியிருக்காங்க பாருங்க. மூணு கிலோ எண்ணூறு. இது நோவுல போற எடையாங்க? ராத்திரி பொரண்டு மேல படுத்துட்டா. விபத்துன்னு எழுதிக் குடுங்க. ஸ்டேஷனுக்குப் போவ எங்களுக்கு ஆசை இல்ல. பெரிய பையன எங்ககிட்ட வுட்டுட்டு அவ அம்மா வூட்டுக்குப் போய்ட்டா போதும்.”

பெரிய பையனுக்கு அப்போது மூன்று வயது. படிக்கட்டில் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு எதையோ தின்றுகொண்டிருந்தான்.

நீ உள்ளே வந்தது அப்போதுதான். அட்டையைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், சித்தப்பா பார்க்கவில்லை. “விசாரணை ரிப்போர்ட் வராம எதையும் எழுத முடியாது, அடுத்த வாரம் வாங்க” என்று அவர்களைத் துரத்தாத குறையாக அனுப்பிவிட்டு, உன்னை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“எடை போடலக்கா” என்றாய்.

எனக்கு உடனே புரியவில்லை.

“அன்னிக்கு முகாம் முடிச்சுக்கினு வந்தேன். தராசு சென்டர்லயே கெடந்துச்சு. மறுநாள் ரிவ்யூ. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மெமோ குடுப்பேன்னு பெரிய டாக்டர் சொல்லியிருந்தாரு இல்ல? மொத மாசம் மூணு இருநூறு. மாசத்துக்கு அரைக் கிலோ ஏறணும். நானே ஏத்திட்டேன். கொஞ்சம் சேத்தே ஏத்திட்டேன்.”

“சரி, எல்லாரும் செய்யறதுதானே?”

“அஞ்சலை சொன்னாக்கா. பால் குடிக்கும்போது பாப்பாவுக்கு மூச்சு வாங்குது, நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுதுன்னு சொன்னா. அடுத்த வாரம் தூக்கிக்கினு வா, பாக்கலாம்னு சொல்லிட்டு புள்ளி வச்சேன். புள்ளையத் தூக்கிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.”

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தேன். பிறகு உன் மணிக்கட்டைப் பிடித்து, “வாயை மூடிக்கிட்டு இரு” என்றேன். “டாக்டர்கிட்ட நான் பேசறேன். காரணம் தெரியவில்லைன்னு எழுதிடலாம். அவ பேரும் கெடாது, உன் பேரும் வராது. யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“தெரியலன்னு நீ எழுதினா, தெரியும்னு அந்த ஆளு பேசுவான்க்கா. அந்தப் பையன வாங்கிடுவான்.”

“உனக்கு வேலை போயிடும். பொண்ணு அஞ்சாங்கிளாஸ் படிக்குது. பைத்தியமா உனக்கு?”

நீ பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆய்வுக் கூட்டம் வரைக்கும் உன்னோடு பேசவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் எழுதாமல் கழன்றுகொள்வது எவ்வளவு வசதி என்பது மனதின் ஒரு மூலையில் எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

குழந்தை இறப்பு ஆய்வுக் கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. நீளமான ஹால், தலைக்கு மேல் கிறீச்சிடுகிற ஃபேன்கள், இரண்டு பக்கமும் செவிலியர்கள் அவரவர் நோட்டோடு. நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வேண்டுமென்றே உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய டாக்டர் மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எடை நல்லா ஏறியிருக்கு. திடீர்னு செத்துருக்கு. வீட்டுக்காரங்க சொல்றது சரிதான் போல. விபத்து” என்று பேனாவின் மூடியைக் கழற்றினார். மேசைக்கு அடியில் உன் முந்தானையை எட்டிப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன்.

நீ எழுந்தாய். தோளில் குத்தியிருந்த பின்னோடு துணி கிழிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

“சார், அந்தக் கடைசிப் புள்ளி பொய் சார்.”

“என்னம்மா?”

“எடை போடாமயே வச்சேன் சார். பால் குடிக்கும்போது வேர்க்குது, மூச்சு வாங்குதுன்னு தாய் எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் பாக்கல. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. “கட்டத்தைக் காலியா விட வேண்டியதுதானே?” என்று கத்தினார். காலியாக விட்டால் மெமோ என்றவர் அவர்தான்.

“காலியா வுட்டிருந்தா, ஏன் எடை போடலன்னு நீங்க கேட்டிருப்பீங்க சார்” என்றாய். உன் குரல் உடைந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “கேட்டிருந்தா மறுநாளே போய்ப் போட்டிருப்பேன்.”

சுற்றிப் பார்த்தேன். அத்தனை செவிலியர்களும் தங்கள் தங்கள் நோட்டை மெதுவாக மூடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, அஞ்சலைக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டை நீ எடுத்து நீட்டினாய். அஞ்சலை வீட்டில் தேடி வாங்கி வந்திருந்தாய். ‘இதயத்தில் சத்தம், மறுபடி பார்க்கவும்’ என்று அதன் அடியில் ஒரு வரி. குழந்தை நன்றாக எடை ஏறுகிறதே என்று யாரும் மறுபடி காட்டவில்லை. டாக்டர் அதை வெகுநேரம் படித்தார். சிவப்புப் பேனாவை நீயே கேட்டு வாங்கி அந்தப் புள்ளியை அடித்தாய். பக்கத்தில் ‘எடை பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

அந்த அட்டை தாய்க்குச் சொந்தம் என்று சொல்லி நீதான் கொண்டுபோய்க் கொடுத்தாய். போக வேண்டாம், தபாலில் அனுப்பு என்று நான் சொன்னதையும் நீ கேட்கவில்லை. மறுநாள் உன் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கீறல் இருந்தது.

“‘அப்ப எம் பாப்பா பொழச்சிருக்குமா நர்சம்மா’ன்னு கேட்டாக்கா. பொழச்சிருக்கலாம்னு சொன்னேன்.”

“தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“அது இன்னொரு புள்ளி வச்ச மாதிரி ஆயிடும்க்கா” என்றாய். அவள் அட்டையை உன் முகத்தில் எறிந்திருக்கிறாள். விளிம்பு கிழித்துவிட்டது. நீ அதைக் குனிந்து எடுக்காமல், ரத்தத்தைத் துடைக்காமல், அவள் கதவைச் சாத்துகிற வரை நின்றுவிட்டு வந்திருக்கிறாய்.

உன்னை மேல்பட்டாம்பாக்கம் பக்கம் மாற்றினார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார்கள், நீ தராசோடு பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாய். பையன் அஞ்சலையிடமே இருந்தான். சித்தப்பா பிறகு கவுன்ட்டர் பக்கம் வரவில்லை. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளவே இல்லை. உன் கண்ணுக்குக் கீழே இருந்த கோடு மட்டும் கடைசி வரை மறையவில்லை.

நீ போனதும், இறப்புப் பதிவேட்டில் உன் வரியையும் நான்தான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் உன் மகளிடம் மூன்று தடவை கேட்டேன். கிட்னி என்றுதானே சர்டிபிகேட்டிலேயே இருக்கிறது, இன்னும் என்ன ஆன்ட்டி என்று அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே சர்டிபிகேட்டை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

பதிவேடு கிடைத்தபோது மணி ஒன்று. எங்கே இருந்தது தெரியுமா? ஸ்கேன் ஆட்கள் தங்கள் மெஷின் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பக்கத்தைப் புரட்டினேன். பெயர் கட்டம் காலி. பாலினம்: பெண். வயது: இரண்டு மாதம். காரணம்: ‘பிறவி இதயக் கோளாறு இருந்திருக்கலாம்’. என் கையெழுத்துதான். வார்த்தைகள் நீ எழுந்து நின்றதால் வந்தவை.

நகல் கொடுக்க ஆபீசர் கையெழுத்து வேண்டும். அவர் கடலூரில் மீட்டிங்கில் இருந்தார். போனில் பிடித்தேன், நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். நான் சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பதிவேடு வாசலைத் தாண்ட விட்டதில்லை. அன்றைக்கு அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அஞ்சலையோடு ஆட்டோவில் ஏறினேன்.

டவுன்ஷிப்பின் குடியிருப்பு வட்டங்களைத் தாண்டிப் போகும்போது அவள் கேட்டாள். “அந்த நர்சம்மா எங்க இருக்காங்க? அவங்க வந்து சொன்னா டாக்டரு நம்புவாரு இல்ல?”

“இல்லம்மா. செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான் அவங்கள அடிச்சிட்டேன்ங்க. ரத்தம் வந்திச்சு. ஒண்ணுமே சொல்லாம நின்னுக்கினு இருந்தாங்க. பாப்பா செத்ததுக்கு அதுவரைக்கும் எனக்கு அழுவையே வரல. கதவச் சாத்திட்டு அதுக்கு அப்புறம்தான் அழுதேன். வெளிய வந்து பாத்தா போய்ட்டாங்க, அட்டை மட்டும் கெடந்திச்சு.”

டாக்டர் சின்ன வயதுப் பிள்ளை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வழியை மறித்து நின்றேன். என் உடம்புக்கு அது சுலபம். பதிவேட்டைப் படித்தார், அட்டையைப் பார்த்தார், சிவப்புக் குறியின் பக்கத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தார். “இதுக்கும் வேர்க்குதா?” என்று அஞ்சலையிடம் கேட்டார்.

“நெத்தியில வேர்க்குதுங்க. பால் குடிக்கும்போது மட்டும்.”

அவர் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மருமகள் குழந்தையோடு ஏறினாள். மகன் ஏறுவதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கையைப் பிடித்து முதலில் அவளை ஏற்றிவிட்டான்.

சனிக்கிழமை அஞ்சலையே போன் செய்தாள். இதயத்தில் ஓட்டை இருக்கிறதாம். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், எடை கொஞ்சம் ஏறியதும் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் எடை போட வேண்டும். “இன்னிக்கு ரெண்டு எண்ணூறுங்க. தராசுல நம்பரு எரியுது. நானே குனிஞ்சு பாத்தேன்” என்றாள். உன்னிடம் சொல்லத்தான் அவள் எனக்குப் போன் செய்தாள் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ‘காரணம் தெரியவில்லை’ என்று நான் எழுத இருந்ததும், மேசைக்கு அடியில் உன் முந்தானையைப் பிடித்து இழுத்ததும் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. உன் புடவை கிழிந்த சத்தத்தை இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் டாக்டருக்குப் படிக்க எதுவும் இருந்திருக்காது.

ஓடிய ஓட்டத்தில் அவள் மஞ்சள் அட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். என் மேசை டிராயரில் இருக்கிறது. வியாழக்கிழமை அவர்கள் திரும்பி வருகிறார்கள். காலனி சென்டரில் எடை போடுவார்களாம், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அவள் அதை மறுபடியும் எறிவாளோ என்னவோ. எதற்கும், என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.